கார் கண்ணாடியில் போகவே போகாத வெள்ளைக் கறை... தேய்க்கும் முன் இதைப் படியுங்கள்!

பகலில் அந்தக் கறையை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கண்ணாடியில் அங்கங்கே வட்டம் வட்டமாக வெள்ளைப் புள்ளிகள், வைப்பர் போய் நிற்கும் இடத்தில் ஒரு வெள்ளைக் கோடு. அவ்வளவுதானே என்று விட்டுவிடுவோம். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது, நாலுவழிச் சாலையை விட்டு இறங்கி, தெருவிளக்கே இல்லாத கிராமத்துச் சாலையில் திரும்பியதும் எதிரே ஒரு லாரி ஹைபீம் போட்டுக்கொண்டு வரும் பாருங்கள், அப்போதுதான் அதன் வேலை தெரியும். ஒவ்வொரு புள்ளியும் வெளிச்சத்தை வாங்கி நாலாபக்கமும் சிதறடிக்கும். கண்ணாடி முழுக்கப் பால் ஊற்றியதுபோல் ஆகிவிடும். அந்த இரண்டு மூன்று விநாடிகளில் சாலையோரம் சைக்கிளில் வருபவர் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம்.

அதனால் இது வெறும் அழகு சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. 'ராத்திரி ஓட்டினா கண் கூசுது' என்று அப்பாவோ தாத்தாவோ சொன்னால் கண் டாக்டரிடம் கட்டாயம் அழைத்துப் போங்கள். கண்புரை ஆரம்பித்தாலும் இப்படித்தான் கூசும். கூடவே, அவர் ஓட்டும் காரின் கண்ணாடியையும் இருட்டில் ஒரு தடவை டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள். பகலில் தெரியாத கறையெல்லாம் அப்போது தெரியும்.

அது அழுக்கு இல்லை, கல்!

ஷாம்பூ போட்டுத் தேய்த்தாலும் ஏன் போகவில்லை? ஏனென்றால் அது அழுக்கே இல்லை. ஹீட்டர் காயில் மேல் வெள்ளையாகப் படிந்திருக்குமே, வெந்நீர்ப் பாத்திரத்தின் உள்பக்கம் செதில் செதிலாக ஒட்டியிருக்குமே, அதே சமாசாரம்தான்.

நம் வீடுகளில் 'நல்ல தண்ணி', 'உப்புத் தண்ணி' என்று இரண்டு தண்ணீர் உண்டு. கோவைக்காரர்களுக்கு நல்ல தண்ணி என்றால் சிறுவாணி. மற்றதெல்லாம் உப்புத் தண்ணி. சென்னையில் ஓ.எம்.ஆர். பக்கம் அடுக்குமாடிகளில் இருப்பவர்களுக்கு போர் தண்ணியும் லாரித் தண்ணியும்தான் அன்றாடம். இதில் 'உப்பு' என்று நாம் சொல்வது சமையல் உப்பை மட்டும் அல்ல. வெறும் சமையல் உப்பாக இருந்தால் ஒரு மக் தண்ணீர் ஊற்றியதும் கரைந்து ஓடிவிடும். இது கால்சியமும் மக்னீசியமும். பாறைகளுக்கு நடுவே ஊறி வரும் நிலத்தடி நீர் இவற்றைக் கரைத்துக்கொண்டு வருகிறது. தண்ணீரில் இருக்கும்வரை கண்ணுக்குத் தெரியாது. கண்ணாடி மேல் ஒரு சொட்டு காய்ந்ததும் நீர் ஆவியாகும், கரியமில வாயு வெளியேறும், மிஞ்சுவது கால்சியம் கார்பனேட். பள்ளிக்கூடப் பாடத்தில் வந்த சுண்ணாம்புக்கல்தான்.

எவ்வளவு இருக்கும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 10500, 2012), கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது. வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை பரவாயில்லை என்று விடுகிறது. அந்த 600-ல் இருக்கும் தண்ணீரை 15 லிட்டர் பக்கெட்டில் பிடித்தால், அதற்குள் கரைந்திருப்பது 9 கிராம் கல். அதைத்தான் தினமும் காலையில் கார் மேல் ஊற்றுகிறோம்.

டி.டி.எஸ். மீட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பேனா மாதிரி இருக்கும் அந்தக் கருவி, தண்ணீரில் கரைந்திருக்கும் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு குத்துமதிப்பு எண்ணைத்தான் காட்டும். கால்சியம் மட்டும் எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. சோப்பு நுரைக்க மறுக்கிறதா, எவர்சில்வர் குழாயில் வெள்ளை பூக்கிறதா... இதைவிட நல்ல பரிசோதனை வீட்டிலேயே வேறு இல்லை.

கழுவுபவரைத் திட்டாதீர்கள்

நிறைய அடுக்குமாடிகளில் மாதச் சம்பளத்துக்குக் கார் கழுவித் தருபவர் ஒருவர் இருப்பார். காலை ஐந்து மணிக்கு ஆரம்பித்தால் எட்டு மணிக்குள் இருபது, முப்பது வண்டி முடிக்க வேண்டும். ஒரு பக்கெட், ஒரு துணி, போர் தண்ணி. கண்ணாடியில் கறை வந்ததும் முதலில் திட்டு வாங்குவது அவர்தான். 'சரியாவே துடைக்கிறது இல்லை' என்போம். பக்கெட்டில் இருக்கும் தண்ணீரே கல்லைச் சுமந்துகொண்டு வரும்போது அவர் என்ன செய்வார்? அவர் துணியால் துடைத்த இடத்தில்கூட லேசான ஈரம் நிற்கும். அதுவும் காய்ந்து ஒரு படலமாகும். வெயில் ஏறிய பிறகு கழுவினால் இன்னும் மோசம். சூடான கண்ணாடியில் தண்ணீர் துடைப்பதற்குள் காய்ந்துவிடும்.

அவருக்கு நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. இரண்டாவதாக ஒரு காய்ந்த மைக்ரோஃபைபர் துணியை நம் செலவில் வாங்கிக் கொடுத்து, 'அண்ணா, கண்ணாடியை மட்டும் கடைசியா இதுல ஒரு இழுப்பு இழுத்துடுங்க' என்று கேட்டுக்கொள்வது. பாதிப் பிரச்னை அங்கேயே முடிந்துவிடும்.

நேற்றைய கறையும் போன வருஷத்துக் கறையும் ஒன்றில்லை

கறை எத்தனை நாள் பழசு என்பதுதான் இங்கே முக்கியம். இரண்டு நாள் கறை மேலோட்டமாக உட்கார்ந்திருக்கும். மாதக்கணக்கில் விட்டால் ஒரு அடுக்கின் மேல் இன்னோர் அடுக்கு ஏறும். தமிழ்நாட்டின் பெரும்பகுதி பாறை நிலம். அதனால் நம் நிலத்தடி நீரில் சிலிக்காவும் கலந்து வரும். கண்ணாடியும் சிலிக்காவால் ஆனதுதான் என்பதால் இரண்டும் நன்றாகப் பிடித்துக்கொள்ளும்.

அதற்கும் மேலே போனால் கறை கண்ணாடி மேல் இருக்காது, கண்ணாடியே கறையாகிவிடும். சொட்டுத் தண்ணீர் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் நின்று காயும்போது, கண்ணாடிக்குள் இருக்கும் சோடியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுக்கும். அந்தச் சொட்டு காரத்தன்மை அடைந்து கண்ணாடியின் மேற்பரப்பை அரிக்க ஆரம்பிக்கும். இதைக் கழுவி எடுக்க முடியாது. அங்கே எடுப்பதற்கு ஒன்றுமே இல்லை, பள்ளம்தான் இருக்கிறது.

உங்கள் வண்டியில் இருப்பது எந்த வகை என்று தெரிந்துகொள்ள, பின்பக்கக் கதவுக் கண்ணாடியில் ஒரு கறையைத் தேர்ந்தெடுத்து ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள். ஐந்து நிமிடம் கழித்துத் துடைத்து, காய்ந்த பிறகு பாருங்கள். ஈரமாக இருக்கும்போது எந்தக் கறையும் மறைந்த மாதிரிதான் தெரியும். அதை நம்பி ஏமாற வேண்டாம். காய்ந்த பிறகும் கறை மெலிந்திருந்தால் நல்ல செய்தி, வீட்டிலேயே சரி செய்யலாம்.

மளிகைக் கடை வினிகர் போதும்

பித்தளைக் குத்துவிளக்கைப் பாட்டி புளி போட்டுத்தானே தேய்ப்பார்? புளியில் இருக்கும் அமிலம்தான் அங்கே வேலை செய்கிறது. இங்கேயும் அதே கதை. சுண்ணாம்புக்கல் அமிலத்தில் கரையும். சமையலுக்கு விற்கும் வெள்ளை வினிகரில் 4 முதல் 5 சதவிகிதம் வரை அசிட்டிக் அமிலம் இருக்கிறது, அது போதும்.

முதலில் வண்டியை நிழலில் நிறுத்துங்கள். கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தால் குளிர்ந்திருக்க வேண்டும். அடுத்தது, எல்லோரும் அவசரத்தில் விட்டுவிடும் வேலை: மேலே இருக்கும் தூசியை நிறைய தண்ணீர் ஊற்றி, கார் ஷாம்பூ போட்டு முழுதாகக் கழுவி எடுப்பது. சாலைத் தூசியில் மணல் இருக்கும். மணல் கண்ணாடியைவிடக் கடினம். அதை வைத்துக்கொண்டே தேய்த்தால் கறை போவதற்கு முன்னால் கோடு விழும்.

பிறகு வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றிக்கொள்ளுங்கள். வெறுமனே அடித்துவிட்டுத் துடைத்தால் பெரிதாகப் பலன் இருக்காது, ஏனென்றால் செங்குத்தான கண்ணாடியில் வினிகர் நிற்காமல் வழிந்துவிடும். டிஷ்யூ பேப்பரையோ பழைய காட்டன் துணியையோ அதில் நனைத்து, கறை மேல் பற்றுப் போடுவது மாதிரி ஒட்டிவிடுங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் இருக்கட்டும். காய்வது மாதிரி தெரிந்தால் மறுபடி ஸ்ப்ரே செய்யுங்கள். பழைய கறையாக இருந்தால் உற்றுப் பார்த்தால் குட்டிக் குட்டிக் குமிழ்கள் வருவது தெரியும். கல் கரைகிறது என்று அர்த்தம்.

எடுத்த பிறகு மைக்ரோஃபைபர் துணியால் மெதுவாக வட்டமாகத் துடைத்து, நிறைய தண்ணீர் விட்டுக் கழுவி, உடனே காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். ஒரே தடவையில் போகவில்லையென்றால் அழுத்தித் தேய்க்க வேண்டாம். மறுபடி பற்றுப் போடுங்கள். மூன்று தடவை வரை பார்க்கலாம்.

வினிகர் வாசம் பிடிக்காதவர்கள் சிட்ரிக் ஆசிட் தூள் வாங்கலாம். கால் லிட்டர் தண்ணீருக்கு இரண்டு டீஸ்பூன் கணக்கு. கழுவும்போது மட்டும் நன்றாக அலசுங்கள், இல்லையென்றால் அதுவே ஒரு வெள்ளைப் படிவத்தை விட்டுப்போகும். எதைப் பயன்படுத்தினாலும் பெயின்ட், குரோம் பட்டை, ரப்பர் பீடிங் மேல் வழிந்தால் உடனே தண்ணீர் ஊற்றிவிடுங்கள். சைடு மிரரில் ஸ்ப்ரே நேரடியாக வேண்டாம், துணியில் நனைத்துத் துடைத்தால் போதும். விளிம்பு வழியாக அமிலம் உள்ளே போனால் பின்னால் இருக்கும் பூச்சு கறுத்துவிடும்.

பின் கண்ணாடியின் உள்பக்கம் கோடு கோடாக இருப்பது பனியை நீக்கும் ஹீட்டர் கம்பிகள். அங்கே எந்தத் தேய்ப்பு வேலையும் வேண்டாம்.

சமூக வலைதள டிப்ஸ் எடுபடுமா?

வினிகரையும் பேக்கிங் சோடாவையும் கலந்து நுரை பொங்க ஊற்றும் வீடியோக்கள் ஏராளம். பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் சோடா அமிலத்தை முறித்துவிடும். நுரை அடங்கியதும் மிஞ்சுவது கல்லைக் கரைக்கத் தெரியாத ஒரு கரைசல். அமிலத்தை வாங்கி அமிலத்தையே கொன்றுவிட்டுத் துடைக்கிறோம்!

கோலாவில் பாஸ்பாரிக் அமிலம் இருப்பது உண்மைதான். அதோடு சர்க்கரையும் இருக்கிறது. கறையோடு எறும்பும் வேண்டுமென்றால் முயற்சி செய்யலாம். டூத்பேஸ்ட் மெல்லிய உராய்வுப் பொருள். சின்னப் புள்ளி ஒன்றிரண்டுக்கு ஓகே, முழுக் கண்ணாடிக்கும் தேய்த்தால் கைதான் வலிக்கும். உருளைக்கிழங்கை வெட்டித் தேய்ப்பது மழை நேரத்தில் தண்ணீர் சொட்டாக நிற்காமல் படலமாகப் பரவ உதவும் தற்காலிக வித்தை. கல்லைக் கரைக்காது.

பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரும், சுருள் சுருளான ஸ்டீல் நாரும் கண்ணாடிப் பக்கமே வரக் கூடாது. பச்சை நாரில் கண்ணாடியைக் கீறக்கூடிய அலுமினியம் ஆக்ஸைடு துகள்கள் இருக்கின்றன. கறையாவது ஒருநாள் போகும். கீறல் போகாது.

பாத்ரூம் ஆசிட் வேண்டவே வேண்டாம்

'டாய்லெட் க்ளீனர் ஊத்தினா ஒரே நிமிஷத்துல போயிடும்' என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். போகும்தான். அதில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். சுண்ணாம்பை நொடியில் கரைத்துவிடும், கண்ணாடியையும் ஒன்றும் செய்யாது. ஆனால் வழிந்து போகும் இடமெல்லாம் பிரச்னை. வைப்பர் கை துருப்பிடிக்கும், அலுமினியப் பட்டை வெளுக்கும், பெயின்ட் மங்கும். கீழே பானெட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே இருக்கும் இடுக்கில் இறங்கினால் என்ன அரிக்கிறது என்பதே நமக்குத் தெரியாது. அந்தப் பக்கெட்டில் ஏற்கெனவே ப்ளீச்சிங் பவுடர் கரைத்திருந்தால் குளோரின் வாயு கிளம்பும். பேஸ்மென்ட் மாதிரி மூடிய இடத்தில் அது நுரையீரலுக்கு ஆபத்து.

இதைவிடப் பயப்பட வேண்டிய ஒன்று இருக்கிறது. கண்ணாடிக் கறை நீக்கி, அலாய் வீல் க்ளீனர் என்ற பெயரில் வரும் சில திரவங்களில் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலமோ, அதை உண்டாக்கும் அம்மோனியம் பைஃப்ளூரைடோ இருக்கும். கண்ணாடியையே கரைக்கும் அமிலம் இது. கண்ணாடிப் பாட்டிலில் வைக்க முடியாத அமிலம் என்று வேதியியல் வகுப்பில் படித்திருப்போம். தோலில் பட்டால் மற்ற அமிலம் மாதிரி உடனே சுரீர் என்று எரியாமலும் போகலாம். சில மணி நேரம் கழித்துத்தான் வலி தெரியும். அதற்குள் உள்ளே இறங்கி, உடம்பில் இருக்கும் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

ஆகவே பாட்டில் வாங்கும்போது லேபிளைப் படியுங்கள். என்ன இருக்கிறது என்றே எழுதாத, கேனில் இருந்து ஊற்றிக் கொடுக்கும் 'பவர்ஃபுல்' திரவத்தை வாங்கி வந்து, கழுவுபவர் கையில் கொடுத்துவிடாதீர்கள். அவர் கையில் உறை இருக்காது. இது பட்டுவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே ஓடும் தண்ணீரில் நிறைய நேரம் கழுவி, பாட்டிலையும் எடுத்துக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வலி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கால்சியம் குளுக்கோனேட் என்ற மருந்தைக் கொண்டு இதற்குச் சிகிச்சை செய்கிறார்கள்.

வினிகருக்கும் அசையவில்லையா?

அப்படியென்றால் பாலிஷ்தான் வழி. சீரியம் ஆக்ஸைடு என்ற பொடியைத் தண்ணீரில் குழைத்து, ஃபெல்ட் பேடு மாட்டிய மெஷினால் தேய்ப்பார்கள். லென்ஸ், தொலைநோக்கிக் கண்ணாடி எல்லாவற்றையும் மெருகேற்றும் அதே பொடிதான். கார் டீட்டெய்லிங் கடைகளில் செய்து தருகிறார்கள். கதவுக் கண்ணாடிகளுக்குத் தாராளமாகச் செய்யலாம்.

முன்பக்க விண்ட்ஷீல்டு என்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அது இரண்டு கண்ணாடிகளை நடுவில் ஒரு பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. ஓரிடத்தில் மட்டும் அதிகம் தேய்த்துவிட்டால் அந்த இடம் லென்ஸ் மாதிரி ஆகி, வெளியே தெரியும் காட்சி நெளியும். ஓட்டுநர் கண் எதிரே அப்படி ஆனால் கறையே தேவலை என்றாகிவிடும். தண்ணீர் காட்டாமல் தேய்த்தால் சூடேறி விரிசல் விடவும் வாய்ப்புண்டு. ஏற்கெனவே கல் பட்டுச் சின்ன விரிசல் இருந்தால் மெஷின் வைக்கவே விடாதீர்கள். கண்ணாடி அரித்துப் பள்ளமாகிவிட்டது, ராத்திரியில் ஓட்டவே முடியவில்லை என்றால் மாற்றிவிடுவதுதான் சரி. அந்தச் செலவோடு ஒப்பிட்டால் ஒரு பாட்டில் வினிகர் எவ்வளவோ மலிவு.

தலைக்கு மேலே இருந்து சொட்டினால்...

பேஸ்மென்ட் பார்க்கிங்கில் நிறுத்துபவர்கள் ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். சீலிங்கில் எங்காவது கசிவு இருந்து, வெள்ளை வெள்ளையாக ஊசி மாதிரி தொங்கினால், அதன் கீழே காரை நிறுத்தாதீர்கள். கான்கிரீட் வழியாக இறங்கும் தண்ணீர் சிமென்ட்டில் இருக்கும் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வருகிறது. சாதாரண போர் தண்ணியைவிட இது பல மடங்கு காரமானது. பெயின்ட்டையும் அரிக்கும், கண்ணாடியையும் அரிக்கும். விழுந்த அன்றே வினிகர் கலந்த தண்ணீரால் துடைத்தால் தப்பிக்கலாம். வேறு இடம் கிடைக்கும்வரை கவர் போட்டு வையுங்கள். கசிவைப் பற்றி அசோசியேஷனிடம் போட்டோவோடு எழுதிக் கொடுங்கள். அந்தச் சொட்டு உங்கள் காரை மட்டுமல்ல, மேலே இருக்கும் கம்பியையும் பதம் பார்க்கிறது.

ஆர்.ஓ. வேஸ்ட் தண்ணியில் கழுவலாமா?

தண்ணீரைச் சேமிக்கிறோம் என்ற நல்ல எண்ணத்தில் நிறைய வீடுகளில் ஆர்.ஓ. மெஷினின் கழிவு நீரைப் பக்கெட்டில் பிடித்து வைத்து, அதில் கார் கழுவுகிறார்கள். எண்ணம் நல்லது, இடம்தான் தப்பு. நல்ல தண்ணீரிலிருந்து பிரித்தெடுத்த கால்சியமெல்லாம் போய்ச் சேருவது அந்தப் பக்கெட்டில்தான். ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு ஒரு லிட்டர் கழிவு வருகிறது என்றால், அதில் உப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு இருக்கும். தரை துடைக்கலாம், டாய்லெட்டுக்கு ஊற்றலாம், டயரும் மேட்டும் கழுவலாம். கண்ணாடிக்கும் பாடிக்கும் வேண்டாம்.

அதற்கு நேர்மாறாக, வீணாகத் தெருவில் சொட்டிக்கொண்டிருக்கும் ஒரு தண்ணீர் இருக்கிறது. ஏ.சி. தண்ணீர். காற்றில் இருக்கும் ஈரம் குளிர்ந்து சொட்டுவதால் அதில் கால்சியமும் கிடையாது, மக்னீசியமும் கிடையாது. சென்னை, தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊர்களில் புழுக்கமான ராத்திரியில் ஏ.சி. ஓடினால் காலையில் அரை பக்கெட்டாவது சேர்ந்திருக்கும். போர் தண்ணியில் கார் முழுக்கக் கழுவுங்கள், பரவாயில்லை. கடைசியாகக் கண்ணாடிக்கு மட்டும் இரண்டு மக் ஏ.சி. தண்ணீரை மேலிருந்து ஊற்றி அலசிவிட்டால், காய்ந்தாலும் புள்ளி விழாது. பிடித்ததை ஒரு துணியில் வடிகட்டிக்கொண்டால் தூசியும் இருக்காது.

வைப்பருக்குத் தண்ணீர் பீய்ச்சும் டேங்க்கிலும் இதையே ஊற்றலாம். பலர் அதில் போர் தண்ணியை நிரப்பிவிட்டு, கழுவிய கண்ணாடியில் திரும்பத் திரும்பத் தாங்களே கறையைப் போட்டுக்கொள்கிறார்கள். நாளடைவில் பீய்ச்சும் துளையும் அடைத்துக்கொள்ளும். இன்னொன்று, வெள்ளை படிந்த கண்ணாடியில் காய்ந்த நிலையில் வைப்பரைப் போடாதீர்கள். தண்ணீரைப் பீய்ச்சிய பிறகு போடுங்கள். வைப்பர் ரப்பரையும் அவ்வப்போது ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள்.

தண்ணீர் ஒட்டாத கோட்டிங் அடித்துவிட்டால் கறையே வராது என்று சிலர் சொல்வார்கள். சொட்டுகள் உருண்டு ஓடும் என்பது சரி. ஓடாமல் நின்ற சொட்டு வெயிலில் காய்ந்தால் கோட்டிங் மேலேயும் புள்ளி விழத்தான் செய்யும். எடுப்பதுதான் கொஞ்சம் சுலபம். காய்ந்த துணிக்கு அது மாற்று கிடையாது.

ஏ.சி. தண்ணீர் பிடிக்கும் பக்கெட்டுக்கு மட்டும் மறக்காமல் மூடி போடுங்கள், இரண்டு மூன்று நாளுக்கு மேல் தேக்கியும் வைக்காதீர்கள். டெங்கு கொசுவுக்கும் நல்ல தண்ணிதான் பிடிக்கும்.